ஒரு ஊசியாவது போடுங்க டாக்டர்

அறிவிப்பாளருக்குத் தன் குரல்மேல் அலாதி கர்வம். வானொலியில் தான் செய்தி வாசித்தால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து கேட்பார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தக் குரலையும் கூட்டிக்கொண்டுதான் அன்று மருத்துவமனைக்குள் நுழைந்தார். மனைவியின் தோளில், ஒரு வயது நிரம்பாத மகள். சளி முற்றி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவெலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். பரிசோதித்த பெண் டாக்டர், "இது வைரஸால வந்தது. ஆன்டிபயாடிக் கேக்காது. ஆக்ஸிஜன் போகட்டும், கொஞ்சம் கொஞ்சமா பால் குடுங்க. பார்த்துக்கிட்டே இருப்போம்," என்றார்.

பார்த்துக்கொண்டிருக்க வீடு போதாதா என்றிருந்தது அவருக்கு. "எதுக்கும் ஒரு ஊசியாவது போட்டு வைங்க டாக்டர். நல்ல உசத்தியான ஆன்டிபயாடிக்கா," என்றார், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கணீரென்று.

அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த டிவி பேசியது. "பெற்றோர்களே, சளி இருமலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்." அதே கணீர். போன வருஷம் அவர் பேசிக்கொடுத்த விளம்பரம்.

நர்ஸ் டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது நீங்கதானே?"

"பேசினது நான்தான். எழுதினது வேற ஆளு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது.

மறுநாள் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏறியது. அறிவிப்பாளருக்கு வயிறெரிந்தது. டாக்டரை மடக்கிக் கேட்டார்.

"அந்தக் குழந்தைக்கு நுரையீரல்ல பாக்டீரியா. கண்டிப்பா வேணும். உங்க பொண்ணுக்கும் அப்படி அறிகுறி தெரிஞ்சா நானே ஆரம்பிச்சிடுவேன். வேண்டாத மருந்தால வயித்தாலதான் போகும், கிருமிக்கும் மருந்து பழகிடும்," என்றார் டாக்டர்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மத்தவங்க அடுத்த வீட்டு நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவாங்க. நீங்க ஊசியைப் பார்த்து."

அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். மகளின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தார். பயத்தைத்தான் இவ்வளவு நேரம் அதிகாரமாகப் பேசியிருக்கிறோம் என்று புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மெல்ல மெல்ல விலாவில் விழுந்த குழி மறைந்தது. குழாயை எடுத்தார்கள். மகள் மூச்சிரைக்காமல் பால் குடித்துவிட்டு அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

கதவுவரை போனவர் திரும்பி வந்தார். "டாக்டர், இவளுக்குப் பல்லு முளைக்குது போலிருக்கு. அதுக்கு ஏதாவது ஒரு..."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.