கொசுறாகக் கொடுத்த மடு

பாலம் வெள்ளத்தோடு போன பிறகு அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே மிச்சமிருந்தது ஓர் இரும்பு வடமும் அதில் தொங்குகிற ஒரு பெட்டியும்தான். பெட்டி என்றால் சுற்றிலும் இடுப்பளவுக்குத் தகடு அடித்த ஒரு தொட்டில். இரண்டு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரலாம். அதில் ஏறியவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் தானாக ஓட்டிக்கொண்டு போக முடியாது. எந்தக் கரைக்குப் போகிறானோ அந்தக் கரையில் இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தால்தான் உண்டு. அதனால் அந்த ஊரில் எதிர்க்கரையை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. பகைத்துக்கொண்டாலும் பத்திரமாக இறங்கிய பிறகுதான் பகைத்துக்கொள்வார்கள்.

இந்தச் சூட்சுமம் தெரியாதவன் அல்ல சரக்கு மாப்பிள்ளை. கடைவீதியில் பிறந்து, தராசுத் தட்டில் தவழ்ந்து, பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்தவன். மலைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, தார்ச்சாலை முடிகிற இக்கரையில் கடை போட்டான். மண்ணெண்ணெய், கயிறு, சோப்பு, டார்ச் லைட், மழைக்கு ரப்பர் பூட்ஸ் என்று எல்லாம் வைத்திருந்தான். கேட்டது இல்லை என்று சொன்னதே கிடையாது. இல்லாதது நாளைக்கு வரும். எதைத் தொட்டாலும் 'நல்ல சரக்கு' என்பான். பட்டப்பெயர் வைக்க ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அன்று காலை பெட்டியில் ஏறியபோது அவன் மடியில் ஒரு புதுக் கம்பளிப் போர்வை இருந்தது. மச்சானுக்கென்று ஒரு டார்ச் லைட்டும் எடுத்து வந்திருந்தான். மனைவி மூன்று நாளுக்கு முன் அக்கரையிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவள், போனவள்தான். சண்டையில்லை, சத்தமில்லை. "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள், போய்விட்டாள். ஏன் போனாள் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவனுடைய கவலை.

ஆற்றின் மேல்பக்கம், இக்கரைப் பாறைகளுக்குப் பின்னால், ஒரு மடு இருக்கிறது. பாதையில் போகிறவன் கண்ணில் படாது. இரண்டு பாறைக்கு நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும். ஆற்று மீனெல்லாம் முட்டையிட அங்கேதான் வந்து சேரும். அந்த மாதங்களில் இரண்டு கரைக்காரர்களும் அங்கே ஒரு தூண்டில்கூடப் போடமாட்டார்கள். வெளியாளுக்கு வழியும் சொல்லமாட்டார்கள். கல்யாணமான புதிதில் மனைவி அவனைக் கூட்டிப் போய்க் காட்டினாள். பச்சைத் தண்ணீருக்கு அடியில் மீன்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு சந்தைக் கூட்டம் மாதிரி நகர்ந்ததைப் பார்த்து அவன் வாயடைத்துப்போனான். அவன் வாயடைத்துப்போனதை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். "யாருக்கும் காட்டிராதீங்க" என்றாள். "சத்தியமா" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

போன வாரம் ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். வேண்டியதை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது தொப்பிக்காரர் ஒருவர், "என்னங்க ஊரு இது, பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று முகத்தைச் சுளித்தார். வந்த ஆள் முகம் சுளித்துக்கொண்டு கடைப்படி இறங்குவதைச் சரக்கு மாப்பிள்ளையின் பரம்பரையில் யாரும் பொறுத்துக்கொண்டதில்லை. நிறுத்துப் போட்டதற்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போட்டு, சிரிக்க வைத்து அனுப்புகிற வம்சம். கை தானாக அள்ளிவிட்டது.

"யாரு சொன்னா ஒண்ணுமில்லன்னு? வாங்க, ஒரு இடம் காட்டறேன்."

அதற்கென்று அவன் எதுவும் வாங்கவில்லை. வெறும் கொசுறு.

மறுநாள் விடியும்போது மலையைப் பிடித்து உலுக்கியது போல இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆறு வெள்ளையாக வந்தது. முழங்கை நீள மீனிலிருந்து நகக்கண் அளவு குஞ்சு வரை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு வந்தன. ஜீப்காரர்கள் பெரிய மீனாகப் பார்த்து நாலு கூடை பொறுக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மிச்சம் ஊருக்கு.

வழி காட்டியது யார் என்று இரண்டு கரையும் கொதித்தது. பழி தேன்காரர் தலையில் விழுந்தது. மலையேற வருகிற வெளியாட்களுக்கு எப்போதாவது துணை போகிறவர் அவர். வேறு யாராக இருக்க முடியும்? "நான் இல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. இனி தேன்காரருக்கு எந்தக் கரையிலும் பெட்டி இழுப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அவர் வீடு அக்கரையில். தேனடைகள் முழுக்க இக்கரை மலையில். அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளையும் நின்றான். "சே, இப்படியும் மனுஷங்களா!" என்று மற்றவர்களைவிட ஒரு சுற்று கூடுதலாகவே வருத்தப்பட்டான். பக்கத்தில் நின்ற மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் போனவள்தான்.

இப்போது பெட்டி ஆற்றின் நட்டநடுவில் நின்றது. அக்கரையில் மச்சான் கயிற்றைக் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். கீழே தண்ணீர் பாறைகளில் மோதிப் புகைந்தது.

"என்ன மச்சான், கை வலிக்குதா?" என்று மாப்பிள்ளை கத்தினான். அந்த இரைச்சலில் நடுவிலிருந்து கரைக்குக் கத்தினால்தான் கேட்கும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்தினாலும் கேட்காது.

"ஒரு கேள்வி இருக்கு மாப்பிள்ள. பதில் வந்தா இழுக்கறேன்."

"வீட்டுல உக்காந்து கேக்கலாமே! உங்களுக்கு டார்ச் லைட் கொண்டாந்திருக்கேன். நல்ல சரக்கு!"

கரையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒதுங்கிய செத்த மீன்களை நாற்றம் தாங்காமல் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஆட்டுக்காரி பலமாகச் சிரித்தாள். "பாருங்கய்யா, அந்தரத்துல தொங்கிக்கிட்டும் யாவாரம் பண்றாரு!"

மச்சான் சிரிக்கவில்லை. "என் தங்கச்சி மூணு நாளா வாயைத் திறக்கல. போட்ட சோறு போட்டபடி கெடக்குது. நீ கை நீட்டினியா?"

'நீங்க' கரையேறிப் போய் 'நீ' வந்துவிட்டதை மாப்பிள்ளை கவனித்தான். 'இல்லை' என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். ஆனால் இல்லை என்றால், பிறகு ஏன் வந்தாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவனிடம் பதில் இருந்தது. விற்கிற பதில் அல்ல.

நிமிஷத்தில் இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தான். பெண்டாட்டியை அடித்தவனுக்கு இந்த ஊரிலும் மன்னிப்பு உண்டு. நாலு பேர் திட்டுவார்கள், மச்சான் ஓர் அறை விடுவார், கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தால் சரியாகிவிடும். மடுவைக் காட்டியவனுக்கு மன்னிப்பு கிடையாது. கடை கிடையாது, பெட்டி கிடையாது. மலிவானதை எடுத்தான்.

"ஆமா மச்சான்... ஏதோ கோவத்துல கை நீட்டிட்டேன். தப்புதான்."

கரையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்குள் மீன் அள்ளிய கூடையோடு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவி வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அவரு என்னை அடிக்கல."

"நீ சும்மா இரு. அவனே ஒத்துக்கறான், நீ விட்டுக்கொடுக்காம பேசறியா?"

"விட்டுத்தான் கொடுக்கறேன். அடிச்சேன்னு சொன்னா சல்லிசா முடிஞ்சிரும்னு கணக்குப் போட்டிருக்காரு. மட்டமானதை எடுத்து நீட்டும்போது அவரு குரல் இப்படித்தான் குழையும். தினம் கடையில கேக்கறேனே, எனக்குத் தெரியாதா?"

பிறகு ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "இந்தாங்க! நீங்களே சொல்லுங்க! நான் சொல்றதா இருந்தா என்னைக்கோ சொல்லியிருப்பேன். நீங்க சொல்லுவீங்கன்னுதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்!"

அவன் அவளைப் பார்த்தான். கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பாறைமேல் தனியாகக் குந்தியிருந்த தேன்காரரைப் பார்த்தான். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தப்பை ஒத்துக்கொள்கிறவர்கள் வழக்கமாகக் காதோடு காதாகச் சொல்லி ஒத்துக்கொள்வார்கள். அந்தச் சலுகை அவனுக்கு இல்லை.

"மடுவைக் காட்டினது..." என்றான். மீதியை ஆறு தின்றுவிட்டது.

"கேக்கல!" என்றாள் ஆட்டுக்காரி.

"மடுவைக் காட்டினது நான்!"

உடனே பழைய பழக்கம் அவனுக்குக் கை கொடுக்க வந்தது. "அவங்கதான் கேட்டாங்க! நான் சும்மா கையை நீட்டி..."

"கேட்டாங்களா?" என்றாள் மனைவி.

"...கேக்கல. நானாத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"தூண்டில் வச்சிருந்தாங்களா?"

அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். கட்டிய மூட்டையை மோந்தே உள்ளே என்ன சரக்கு என்று சொல்லிவிடுகிற மூக்கு அவனுடையது. அந்தப் பெருமையை அவளிடமே எத்தனையோ தடவை பேசியிருக்கிறான். ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு சாக்கு கிடந்தது.

"இல்ல."

"பின்ன என்ன இருந்துச்சு?"

"ஒரு சாக்கு."

"வாடை?"

பெட்டி காற்றில் மெல்ல ஆடியது. "வெடிமருந்து வாடை" என்றான். "அடிச்சுது. எதுக்குன்னு கேக்கலாம்னு நெனச்சேன். கேட்டா மூஞ்சி கோணுவாங்களேன்னு விட்டுட்டேன்."

மச்சான் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் பதில் சொல்லலாம், பதில் சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் எங்கேயாவது ஒரு வழி பிறக்கும். மச்சானோ மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தார். மற்றவர்கள் அவரவர் கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். ஆட்டுக்காரிகூட ஒன்றும் சொல்லாமல் போனாள். அதுதான் அவனுக்கு ரொம்ப உறைத்தது.

மனைவி தூணுக்குப் போய் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கயித்தை அவுத்துட்டேன்! திரும்பிப் போறதுன்னா போங்க. துண்டை எடுத்து வீசினா டீக்கடைக்காரர் இழுத்துருவாரு. அந்தக் கரைக்கு இன்னும் சங்கதி போகல."

துண்டைச் சுழற்றி வீசினால் 'இழு' என்று அர்த்தம். இக்கரையில் டீக்கடைக்காரர் என்ன நடக்கிறது என்று புரியாமல், நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மாப்பிள்ளையின் மூளை அதன் வேலையைச் செய்தது: இறங்கினால் கடையைப் பூட்டலாம், மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் கடைவீதி. அப்பா ஏன் என்று கேட்கமாட்டார். சரக்கு எங்கே என்றுதான் கேட்பார். தோளில் கிடந்த துண்டின் மேல் கையை வைத்தான். அங்கேயே வைத்திருந்தான். பிறகு எடுத்துவிட்டான்.

"இந்தப் பக்கமே இழு!" என்றான்.

அவள் இழுத்தாள். ஒரு சாண் வந்தது, அரைச் சாண் பின்னால் போனது. ஆம்பளைகள் இரண்டு பேர் இழுக்கிற கயிறு அது. அவள் காலைத் தூணில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கை சிவந்து போயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. மேலே கையை நீட்டி வடத்தைப் பிடித்துத் தானும் உந்திப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கி, இரும்புப் பிசிறு கிழித்ததுதான் மிச்சம்.

பாறைமேலிருந்து தேன்காரர் இறங்கி வந்தார். அவளுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தார்.

"வேணாம்ணே, விடுங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"ஆளு நடுவுல தொங்குனா மொதல்ல இழுக்கணும்மா. மத்ததைக் கரையில பாத்துக்கலாம்."

பெட்டி சீராக வந்தது. கரை நெருங்க நெருங்க, 'மத்தது' என்னவாக இருக்கும் என்று மாப்பிள்ளை யோசித்தான். இறங்கியபோது போர்வையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டான். தேன்காரர் முன்னால் போய் நின்றான். ஏதாவது சொல்லவேண்டும். தொண்டையில் எப்போதும் வரிசையில் நிற்கிற வார்த்தைகளில் ஒன்றும் முன்னால் வரவில்லை.

தேன்காரர் அவனை விலக்கிவிட்டுப் பெட்டியில் ஏறினார். போர்வையை எடுத்து வெளியே கல்மேல் வைத்தார். "எனக்கு அந்தப் பக்கம் மூணு நாள் வேலை கெடக்குது. அடையெல்லாம் என்னாச்சோ" என்றார். "உங்காளு இழுப்பானா?"

டீக்கடைக்காரர் இழுக்கவில்லை. பெட்டியில் இருப்பது யார் என்று தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கரையும் சேர்ந்து எடுத்த முடிவாயிற்றே.

மாப்பிள்ளை துண்டை எடுத்துச் சுழற்றினான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி சுழற்றினான். கையால் தேன்காரரைக் காட்டி, இல்லை என்று ஆட்டி, தன் நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டான். அந்தத் தூரத்துக்கு அது எவ்வளவு புரிந்ததோ, டீக்கடைக்காரர் கட்டின கையை அவிழ்த்தார். பிறகு கயிற்றைப் பிடித்தார். பெட்டி நகர்ந்தது. அது கடை இருக்கும் கரை சேர்ந்ததும் தேன்காரர் வாயைத் திறப்பார். சாயங்காலத்துக்குள் கடை வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. பெட்டி நடுவில் ஒரு தடவை தயங்கியபோது, நின்றுவிடுமோ என்று பயந்து இன்னும் வேகமாகத் துண்டைச் சுழற்றினான்.

மனைவி மீன்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அவன் கூடைக்குக் கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு வரமாட்டேன்" என்றாள்.

இன்னைக்கு என்றால் நாளைக்கு? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்து எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வாய்வரைக்கும் வந்தது. அவள் அதற்காகவே நிற்கிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றான்.

அவள் மேட்டில் ஏறினாள். அவன் அங்கேயே குனிந்து, கல்லிடுக்கில் ஒதுங்கியிருந்த குஞ்சு மீன்களைக் கையால் பொறுக்க ஆரம்பித்தான். போட்டுவைக்கக் கூடை இல்லை. துண்டை விரித்தான்.