தரையில் இறக்கிய மரங்கள்

காத்தவராயனுக்கு மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை. எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியை மற்றவர்கள் எடைக்குப் போடுவார்கள். இவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வளைத்து வடிவம் கொடுக்க மரக்கிளைகளில் சுற்றினான். முதலியார்பேட்டையில் அவன் வீட்டு வாசலோரம் புளி, ஆல், சவுக்கு, காகிதப்பூ என்று தட்டைத் தொட்டிகளில் முழ உயரத்துக்கு மேல் வளரவிடாத போன்சாய் மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் என்பான். புளி சொன்னபடி வளையும். சவுக்கை நுனி கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆலின் விழுதை வைக்கோல் குழலுக்குள் விட்டு மண்ணில் இறக்க வேண்டும். மலர்க் கண்காட்சியில் பரிசுகூட வாங்கியிருக்கிறான். அந்தக் கர்வம் அவனுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

எழுபத்தெட்டில் மகள் ஜெயம் பிறந்தாள். அழாத குழந்தை. பால் கொடுத்தால் குடிக்கும், இல்லையென்றால் தூங்கும். இப்படி ஒரு சமத்து உண்டா என்று தெருவே கொண்டாடியது. இரண்டு வயதாகியும் நிற்கவில்லை. முகம் ஊதி, நாக்கு வெளியே தள்ளி, பாயில் போட்டது போட்டபடி கிடந்தாள். அப்போதும் சமத்து என்றவர்களை என்ன சொல்வது!

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் கன்னியம்மாள்தான் வேறு மாதிரி சொன்னாள்.

"வேர வெட்டி வெட்டி மரத்த வளர வுடாம வச்சிக்கினு இருக்கியே தம்பி. உன் புள்ள மட்டும் எப்பிடி வளரும்?"

காத்தவராயன் சிரித்து மழுப்பினான். ஆனால் அந்தச் சொல் உள்ளே தைத்துவிட்டது. அடுத்த முறை புளியின் வேரைப் பாதி கத்தரித்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தான். அன்று மாலையே ஜெயத்துக்குக் காய்ச்சல். அவ்வளவுதான், மறுநாள் லீவு போட்டான். வீட்டுக்குப் பின்னாலிருந்த புறம்போக்கில் குழி வெட்டி எல்லா மரங்களையும் தரையில் இறக்கினான். கம்பிகளை அறுத்தெடுக்கும்போது வாய்விட்டு அழுதான். பெற்ற பிள்ளைக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியிலயும் ஒரு வாட்டி காட்டிடலாங்க" என்றாள் அவன் மனைவி அஞ்சலாட்சி.

"அதான் மரத்த வுட்டாச்சி இல்ல? இனிமே தானா வளருவா."

அத்தனை பெரிய காணிக்கையைக் கொடுத்தவனுக்கு, அது வீணாகும் என்று நினைக்க மனசு வரவில்லை. மரங்களும் அவனை ஏமாற்றின. மண்ணைக் கண்ட வேகத்தில் சவுக்கு கிடுகிடுவென்று ஏறியது. புளி மதிலைத் தாண்டியது. காலையில் ஜெயத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் நிற்பான். "பாரு, இது எழுந்துடுச்சி. நீயும் எழுந்திருப்ப" என்பான். அவள் அவன் தோளில் எச்சில் ஒழுகத் தலை சாய்த்துக் கிடப்பாள். அஞ்சலாட்சி ஆஸ்பத்திரி என்று வாயெடுத்த போதெல்லாம் அவன் ஒரு புதுத் துளிரைக் காட்டினான். முட்டாள்தனம்தான். பாசத்தில் செய்கிற முட்டாள்தனத்தை யார் தடுப்பது?

ஜெயத்துக்கு ஆறு வயது நடந்தபோது அஞ்சலாட்சி பொறுமை இழந்தாள். அவனைக் கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷா ஏறினாள். அவன் பின்னாலேயே சைக்கிளில் போனான்.

டாக்டரம்மா குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தைராய்டுன்னு கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. இவளுக்குப் பொறந்ததிலிருந்தே அது வேலை செய்யல. கைக்குழந்தையில கொண்டாந்திருந்தா தெனம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மத்த புள்ளைங்க மாதிரி ஆயிருப்பா. இப்ப குடுத்தா உயரம் வரும், நடப்பா. ஆனா புத்தி வளராதுப்பா. ரெண்டு வயசுல வந்திருந்தாக்கூடக் கொஞ்சம் மீட்டிருக்கலாம். இத்தன வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

காத்தவராயன் எழுந்து கைகட்டி நின்றான்.

"மரத்தையெல்லாம் தரையில நட்டுட்டேங்க" என்றான்.

"எந்த மரம்?"

அஞ்சலாட்சிதான் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் நல்லா வளந்துடுச்சிங்கம்மா."