துரைசானிக்கு லைட் டூட்டி

உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்பது ஸ்டானிஸ்லாஸின் தீர்மானம். நோயாளிபோல நடிப்பவர்கள் ஒரு வகை. நாளைக்கு நடிக்கப்போகிறவர்கள் இன்னொரு வகை.

மலாயாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டும் டிரெஸராக இருந்து பெற்ற ஞானம் அது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருப்பவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். இடுப்பு வலி என்று எவனாவது முனகினால் அவன் முன்னால் ஒரு காசைக் கீழே போடுவார். குனிந்து எடுத்துவிட்டானா, போச்சு. “நடிப்பு! போய் மரம் வெட்டு!” என்றைக்காவது மனம் இளகினால், “லைட் டூட்டி.” அதாவது ரப்பர் பால் எடுக்க மரம் வெட்ட வேண்டாம், புல்லு வெட்டு.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் வீடு வாங்கி வந்தும் அந்தக் கண் மாறவில்லை. அக்கம்பக்கத்தார் அவரை “டாக்டர்” என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்களே. இந்த மனுஷன் அந்த அரைக்குக்கூடப் பாஸாகவில்லை என்பது அவர் மனைவி எல்ஸியின் கணக்கு. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால், “உனக்கென்ன தெரியும்?” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அவள் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்கிற ஒரே ஜீவன் அந்த வீட்டுப் பூனை. வெள்ளை வெளேரென்று, யாரையும் மதிக்காத நடை. துரைசானி என்று எல்ஸிதான் பெயர் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஸ்டானிஸ்லாஸ் தன் பழைய மோரிஸ் மைனர் காரைப் பின்னால் எடுத்தார். ‘வீல்’ என்று ஒரு சத்தம். எல்ஸி ஓடிவந்து பார்த்தபோது துரைசானி பின்னங்காலை இழுத்துக்கொண்டு பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது.

“வண்டி ஏறிடுச்சுங்க!”

“என் வண்டியா? ஏறியிருந்தா செத்திருக்கும்லா. சும்மா பயந்துபோச்சு.”

“கால் தொங்குதுங்க.”

“இரு, பாக்குறேன்.” அடுக்களைக்குள் போனவர் ஒரு மீன் தலையோடு வந்தார். அதைக் கூடத்தின் நடுவில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த பூனை, மூன்று காலால் தத்தித் தத்தி வந்து மீன் தலையைக் கவ்வியது.

“பாத்தியா? மீனுக்கு மட்டும் கால் வருது. நடிப்பு! லைட் டூட்டி போடு. எலி பிடிக்க வேணாம்.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி காரில் ஏறினார். அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த மனுஷனுக்கு எலும்பைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று எல்ஸியும் நம்பித் தொலைத்தாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். கோயிலில் முழந்தாளிட்டிருந்த நேரமெல்லாம் அவளுக்கு ஜெபம் ஓடவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு யேசுதாசன் எட்டிப் பார்த்தார். ரயில்வேயில் வேலை செய்கிறவர். எதையும் உடைத்துப் பேசுவார்.

“டிரெஸர் அண்ணே, எலும்பு முறிஞ்சிருக்குண்ணே. நாளைக்கு ஈப்போவுக்குக் கொண்டு போங்க. கவர்மெண்டு மாட்டு டாக்டர் இருக்காரு.”

ஸ்டானிஸ்லாஸின் முகம் கறுத்தது. “எத்தனை பேருக்கு எலும்பு கட்டினவன் நான்! என் வீட்டுப் பூனையை மாட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணுமா?”

நடிப்பு என்றவரே இப்போது தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய தகரப்பெட்டியைத் திறந்தார். மாவுக்கட்டுத் துணியை எடுத்து நனைத்தார். பூனை கத்தியது, எல்ஸி பிடித்துக்கொண்டாள். சுற்றினார், சுற்றினார், துணி தீருகிறவரை சுற்றினார். முடிந்தபோது கால் உலக்கைபோல இருந்தது.

“இறுக்கமா இருக்கேங்க?”

“கட்டுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?”

மறுநாள் துரைசானி சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, நாவல்பழம்போலக் கறுத்திருந்தன. தொட்டால் சில்லென்றிருந்தது. மோந்து பார்த்தால் ஒரு கெட்ட வாடை.

“ஏங்க, கால் அழுகுது.”

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஆறும்போது அப்படித்தான் இருக்கும். கவனிக்கக் கவனிக்கப் பூனையும் சிணுங்கும், பொம்பளைங்களும் சிணுங்குவாங்க.”

எல்ஸிக்குக் கருப்பம்மாளின் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் வாளியோடு சறுக்கி விழுந்த கருப்பம்மாளுக்கும் இவர் “நடிப்பு” என்றுதான் சொன்னார். அன்றிலிருந்து அவள் நொண்டிதான். சந்தையில் அவளைக் கண்டால் இந்த வீராதி வீரன் எதிர்ப்பக்கம் தாவிவிடுவார்.

எல்ஸி அடுக்களைக்குள் போனாள். காய்கறிக் கூடையில் பழைய துண்டை விரித்தாள். துரைசானியை எடுத்து வைத்தாள். தெருவே பார்க்க நடந்துபோய் ஈப்போ பஸ்ஸில் ஏறினாள்.

“அக்கா, கூடையில என்ன, கோழியா?” என்றான் கண்டக்டர்.

“நோயாளி,” என்றாள் எல்ஸி.

மாட்டு டாக்டர் ஒரு மலாய்க்காரர். கட்டை வெட்டி எடுத்ததும் அவர் மூக்கைச் சுருக்கினார். இதைக் கட்டியது யார் என்று மலாயில் கேட்டார்.

“என் வீட்டுக்காரர்.”

“என்ன வேலை பார்க்கிறார்?”

“இப்போதைக்கு ஒண்ணுமில்லை. முன்னாடியும் பெரிசா ஒண்ணுமில்லை,” என்றாள் எல்ஸி, தனக்குத் தெரிந்த மலாயில்.

இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, லேசாகச் சிம்பு வைத்துக் கட்டினார். எல்ஸி அடிக்கடி பஸ் ஏறினாள். மருந்தைக் கருவாட்டில் ஒளித்துக் கொடுத்தாள். ராத்திரியில் கூடையைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வேலியோரம் அவர் யேசுதாசனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது: “நான்தான் அனுப்பினேன். செகண்ட் ஒப்பீனியன்லா.”

கிறிஸ்துமஸுக்கு யேசுதாசன் குடும்பத்தோடு வந்தார். துரைசானி கொஞ்சம் சாய்ந்து, ஆனால் நான்கு காலும் தரையில் பட, கூடத்தில் பவனி வந்தது. ஸ்டானிஸ்லாஸுக்கு நெஞ்சு விம்மியது.

“பாத்தியா தாசு? முதல்ல நான் போட்ட கட்டு. அதான் எலும்பு நேரா உக்காந்துச்சு. இப்ப ஓடும் பாரு.”

அடுக்களைக்குள் போய் ஒரு மீன் தலையோடு வந்தார். கூடத்தின் நடுவில் போட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் கேக் தட்டைக் கையில் பிடித்தபடி பூனையைப் பார்த்தார்கள்.

துரைசானி மீன் தலையைப் பார்த்தது. அதைப் போட்டவரைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, எல்ஸியின் காலடியில் போய்ச் சுருண்டு, வெட்டுப்பட்ட முடி வளர்ந்துகொண்டிருந்த அந்தக் காலை நக்க ஆரம்பித்தது.

“என்ன அண்ணே, வரமாட்டேங்குது?” என்றார் யேசுதாசன்.

ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறப்பதற்குள் எல்ஸி தட்டை நீட்டினாள்.

“நடிக்குது தம்பி. நீங்க கேக் எடுத்துக்குங்க. ஏங்க, அந்த மீன் தலையைக் குனிஞ்சு எடுங்க. கூடமெல்லாம் நாறுது.”

அவர் குனிந்து எடுத்தார்.