நாலாயிரம் லிட்டர் தண்ணீர்

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என் தங்கையின் கணவன் எழுந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, என்னை "மேடம்" என்று சொன்னபோதே ஏதோ வில்லங்கம் வருகிறது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் நான் அவனுக்கு அக்கா. தீயணைப்பு நிலையத்தில் என் கீழே ஏழு வருஷம் வேலை பார்த்தபோதுதான் மேடம். அந்த வேலையை விட்டு, வீடு கட்டும் கம்பெனிக்குப் பாதுகாப்பு ஆலோசகராகப் போன பிறகு அந்தச் சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. பொதுவாக 'அவர்' என்றுதான் சொல்வேன், தங்கை கணவர் என்ற மரியாதைக்கு. இன்றைக்கு அந்த மரியாதை வர மாட்டேன் என்கிறது.

மலைச்சரிவில், காட்டுக்குள்ளே, அறுபத்து நாலு வீடு. அதற்கு அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் கூட்டம். நான் அப்போதுதான் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மைக் இல்லாமலே பேசினேன். நிலையத்தில் என் பட்டப்பெயர் சைரன்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி அதே சரிவுல பதினோரு வீடு கரியாப் போச்சு. மேல போறதுக்கு ஒரே ரோடு. தீ வந்தா அறுபத்து நாலு குடும்பமும் அதுல கீழ இறங்கும். அதே ரோட்டுல என் வண்டி மேல ஏறணும். நான் என்ன பறந்தா போவேன்? வீட்டைச் சுத்திச் சுத்தமா வெச்சுக்குவாங்கன்னு சொல்றீங்க. முதல் வருஷம் அவங்களே சருகு கூட்டுவாங்க. ரெண்டாம் வருஷம் ஆள் வெச்சுக் கூட்டுவாங்க. மூணாம் வருஷம் சருகு அழகா இருக்குன்னு போட்டோ எடுப்பாங்க."

சிரித்தார்கள். மேடையில் இருந்த குழுத் தலைவர்கூடச் சிரித்தார். கூட்டம் என் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்திருந்த என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் நன்றாகத்தான் பேசினான். பொய் சொல்லக் கூடாது. "டவுன்ல பத்துக்குப் பத்து ரூம்ல நாலு பேர் படுக்கிறாங்க. அவங்களை எங்க போகச் சொல்றீங்க? ஆள் இல்லாத காடுதான் கேட்பாரில்லாம எரியுது. ஆள் இருந்தா புகையைப் பார்த்ததும் போன் பண்ணுவாங்க" என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் தங்கை வீட்டில் அடுப்பும் கட்டிலும் ஒரே அறை. குழம்பு தாளித்தால் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை இருமும்.

பிறகு திரையில் ஒரு காகிதம் வந்தது. மூன்று பக்கம். கீழே என் கையெழுத்து.

"பதினோரு வீடு எரிஞ்ச இடத்துல பன்னிரண்டாவது வீடு ஏன் எரியல? நான் சொல்லல. மேடமே எழுதியிருக்காங்க." அவன் வாசித்தான். "'சுற்றிலும் முப்பது மீட்டர் சுத்தமான தரை, தகரக் கூரை, காவலில் இருந்த வீரர் இடைவிடாமல் பாய்ச்சிய தண்ணீர் ஆகியவற்றால் அந்த வீடு காப்பாற்றப்பட்டது.' அந்த வீரர் நான்தான். இந்த மூணையும் வெச்சுத்தான் அறுபத்து நாலு வீட்டுக்கும் பிளான் போட்டிருக்கோம்."

கை தட்டினார்கள். அந்த வரியில் தகரக் கூரையைத் தவிர மற்றதெல்லாம் பொய். அது பொய் என்று தெரிந்த மூன்று பேர் அந்த ஹாலில்தான் இருந்தோம்.

நடந்தது இதுதான். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. சின்ன வண்டியைக் கொடுத்து, சரிவின் உச்சியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் வீட்டுக்கு அவனைத் தனியாகக் காவல் போட்டேன். அதுவே என் தப்புதான். பெரிய வண்டியோடு கீழே மாரடித்துவிட்டு நான் மேலே போனபோது, வாத்தியார் வீட்டு வாசலில் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிறது. ஹோஸ் சுற்றியது சுற்றியபடி இருக்கிறது. டேங்க்கில் நாலாயிரம் லிட்டரும் அப்படியே இருக்கிறது. ஆளைக் காணோம். பயந்து காட்டுக்குள் இறங்கி ஓடியிருக்கிறான். சுத்தமான தரையாவது ஒன்றாவது, திண்ணை உயரத்துக்கு வாசலில் விறகு அடுக்கியிருந்தார் வாத்தியார். காற்று திசை மாறியது, வீடு பிழைத்தது. அவ்வளவுதான்.

காவலை விட்டு ஓடினால் வேலை போகும். என் தங்கை அப்போது ஏழு மாதம். பெரிய வண்டியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வழியில் அவனைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு, சின்ன வண்டியை நான் நிலையத்துக்கு ஓட்டி வந்தேன். ஒவ்வொரு முறை வண்டி திரும்பியதும் டேங்க்கில் எவ்வளவு மிச்சம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நிறைந்த டேங்க் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். சாயங்கால வெயிலில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், வால்வைத் திறந்துவிட்டேன். குடிக்கவே தண்ணீர் முறை போட்டு விட்ட கோடை அது. நாலாயிரம் லிட்டரும் சாக்கடையில் போய்ச் சேர கால் மணி நேரம் ஆனது. அவன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்த என் தங்கை, கேட்டருகில் நின்று அதைப் பார்த்தாள். "ஏன்க்கா தண்ணியைத் திறந்து விடுறே?" என்றாள். சொன்னேன். என் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "செத்தாலும் இதை மறக்க மாட்டேன்க்கா" என்றாள்.

டேங்க் காலி என்று பதிவேட்டில் எழுதினேன். காலியானதற்குக் காரணம் வேண்டுமே, அந்த மூன்று பக்கத்தை எழுதினேன். யாரும் மேலே ஏறி அளந்து பார்க்கவில்லை. எரியாத வீட்டுக்கு எழுதிய பொய்யால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

தேநீர் இடைவேளையில் வராந்தாவில் அவனை மடக்கினேன். "ஏன் தம்பி, உனக்கே இது அடுக்குமா?"

"நீங்க எழுதினதுதானேக்கா. கம்பெனியில ஆளாளுக்கு அதைக் காட்டிக் காட்டி, நான் அன்னைக்கு ஓடவே இல்லைன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு." அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அவரைத் திட்டாதேக்கா" என்று தங்கை குறுக்கே வந்தாள். "அதைக் காட்டச் சொன்னதே நான்தான். முதல் வரிசையில மூணாவது வீடு எங்களுக்கு. பிள்ளைக்குன்னு ஒரு ரூம். நீ எதிர்த்துப் பேசுவேன்னு தெரியும். ஆனா அந்தப் பேப்பரைப் பொய்னு சொல்ல உனக்கு வாய் வராதுன்னும் தெரியும்."

தூக்கி வளர்த்தவள் நான். என் மானத்தை எடை போட்டு வைத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதற்கும் கீழே ஒரு பயம் கிடந்தது. முதல் வரிசை என்றால் சரிவைப் பார்த்த வரிசை. தீ கீழேயிருந்து ஏறும்போது முதலில் தொடுவது அதைத்தான். என் பொய்யை நம்பி அந்தப் பிள்ளை அங்கே போய்த் தூங்கப் போகிறது.

கூட்டம் திரும்பக் கூடியதும் நானே எழுந்தேன்.

"அந்த அறிக்கையில கையெழுத்து என்னுது. விஷயம் பொய்" என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்த எங்கள் துறைப் பெரிய அதிகாரியின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது.

குழுத் தலைவர் காகிதங்களைப் புரட்டினார். "பதிவேட்டு நகல்ல டேங்க் காலின்னு இருக்கே. தண்ணி எங்க போச்சு?"

"சாக்கடையில விட்டேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

அவனைப் பார்த்தேன். "மேடம் ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு தெரியலைங்க" என்றான். எதிர்பார்த்ததுதான். பிறகு மூன்றாவது வரிசையைக் காட்டினேன். "என் கூடப்பிறந்தவ பார்த்தா. அவகிட்ட கேளுங்க."

தங்கை மெதுவாக எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மகளின் தலையில் நேராக இருந்த ரிப்பனை இன்னொரு முறை நேராக்கினாள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. அக்காவுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல."

அதற்கு மேல் என்ன இருக்கிறது? என் வாய்ப்பேச்சு ஒரு பக்கம், மூன்று பக்க அறிக்கை ஒரு பக்கம். பாவி, நன்றாகத்தான் எழுதித் தொலைத்திருந்தேன். அறிக்கையின் அடிப்படையில் அனுமதி என்று முடிந்தது.

வாசலில் பெரிய அதிகாரி என்னை நிறுத்தினார். "அப்ப பொய் சொன்னீங்களோ, இப்ப பொய் சொல்றீங்களோ. ரெண்டுல எதுன்னாலும் வண்டியும் ஆளுங்களும் இனி உங்க பொறுப்புல இருக்க முடியாது. விசாரணை முடியிற வரைக்கும் நிலையத்துப் பக்கம் வராதீங்க. சாவியைக் கொடுங்க." இடுப்பு வாரிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றிக் கொடுத்தேன். பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் தொங்கியது. கழற்றியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வது போலிருந்தது.

படியிறங்கும்போது தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது.

"கோவிச்சுக்காதேக்கா. எனக்கு வேற வழி தெரியல. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. அப்படியே தீ கீ வந்தாலும் நீ இருக்கியே. நீ விட்டுடுவியா என்ன? முதல் ஆளா வண்டியை எடுத்துட்டு வந்துட மாட்டே?"

அவள் மனசார நம்பித்தான் கேட்டாள். இத்தனைக்கும் அடியில் அவள் வைத்திருந்த கணக்கு அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரோடும் இல்லை, சுத்தமான தரையும் இல்லை. நான்தான்.

"சாவியை வாங்கிட்டாங்கடி" என்றேன்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தோளிலிருந்த பிள்ளையை அவள் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.