நெற்றித் தகடு

மூடியைத் திறந்ததும் மகிழினியின் கை அப்படியே நின்றது. டப்பாவுக்குள் வெள்ளைத் துணி மட்டும் இருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய சிலிக்கான் துண்டு இல்லை.

"இதுலதானக்கா வெச்சிருந்தாரு?" ஐரீன் மெல்லக் கேட்டாள். மகிழினியின் கணவன் சித்தார்த்தோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். ராயபுரத்திலிருந்து காலையிலேயே வந்து மாலை போட்டுவிட்டு, மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா கோடு நேரா வந்தது அது ஒண்ணுதான்க்கா. அது இருந்தா அவரு பேர்ல ஆராய்ச்சிப் பேப்பர் போடலாம். இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

மகிழினிக்கு அது தெரியும். காய்ச்சல் கண்டதற்கு முந்தின நாள் சித்தார்த் அந்தச் சிலிக்கான் துண்டை இடுக்கியால் ஓரம் பிடித்துத் தூக்கி, டியூப்லைட் அடியில் காட்டினான். "மூச்சு வுடாத" என்றான் முதலில்.

"கோடு எங்க? ஒண்ணும் தெரியலியே."

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது கோடா? இத்தப் போட கோடிக்கணக்குல மெஷின் வேணும். நான் போடல, அதுவே போட்டுக்கிச்சு. ரெண்டு தினுசு பொருளு. ஒண்ணுக்கு ஒண்ணு ஆவாது. ஆனா ரெண்டையும் ஒரே கயித்துல கட்டியாச்சு. பிரியவும் முடியாது, கலக்கவும் முடியாது. லேசா பள்ளம் வெட்டி வழி காட்டி, சூடு வெச்சா, தானா வரிசை கட்டி நிக்கும். நாளைக்கு செல்போனுக்குள்ள கீற சர்க்யூட்டு இன்னும் சிறுசா, இன்னும் மலிவா வரும் பாரு." பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உன்னியும் எங்கம்மாவையும் மாரி."

அவள் அவன் முதுகில் குத்தினாள். "ஏய், தூசி, தூசி!" என்று பதறி டப்பாவை மூடினான்.

அதற்கு முந்தின வாரம் வியாசர்பாடி முழுக்க முழங்கால் மழைத்தண்ணீர். அதில் நடந்து வந்ததில் எலிக்காய்ச்சல். கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகிழினி டப்பாவோடு கூடத்துக்கு வந்தாள். அவனைக் குளிப்பாட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அவன் முகத்தருகே குனிந்தவர்கள் எல்லாரும் சட்டென்று நிமிர்ந்து விலகுவதை, காலையில் கால்மாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்திருந்தாள். அழுகைதான் என்று நினைத்திருந்தாள். இப்போது அவளும் குனிந்தாள்.

அவன் நெற்றியிலிருந்து அவளுடைய கண்ணே அவளைப் பார்த்தது.

காசு வைக்கும் இடத்தில், சந்தனத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, சதுரமாய், கண்ணாடிபோல் அந்தத் துண்டு.

"நான்தான் வெச்சேன்" என்றாள் தலைமாட்டில் இருந்த சொக்கம்மாள். மகனின் முடியைக் கோதிய கையை எடுக்கவில்லை. "வெள்ளித் தகடுன்னு பாத்தேன். அம்மாம் பத்திரமா துணி போட்டு வெச்சிருந்தான். அவங்கூடவே போவட்டும்."

"அத்தே, அது வெள்ளி இல்ல. அவரு செஞ்சது. எடுக்கணும்."

"நெத்தியில வெச்சத எடுப்பியா?"

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு கெங்கம்மா தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி! இன்னும் வண்டி கூட கெளம்பல, நெத்தியில கீறதப் புடுங்க வந்துட்டாளே!"

வெளியே மேளம் சூடேறியது. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற வண்டி வந்து நின்றுவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் அந்தத் துண்டு நெருப்புக்குள் போய்விடும்.

"வெறும் நெத்தியோட என் புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றாள் சொக்கம்மாள். "வெள்ளின்னு வெச்சிட்டு, இப்ப ஒத்த ரூபா காசு வெப்பியா?"

மகிழினி டப்பாவைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து வலது காலை மடக்கினாள். வெள்ளி மெட்டியைப் பிடித்து இழுத்தாள். கெங்கம்மா, "ஐயோ, அதுக்கு இன்னும் நாள் கீதுடி!" என்று கத்தினாள். மெட்டி அசையவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. விரல் சிவந்தது. திருகித் திருகி இழுத்தாள்.



சொக்கம்மாள் எழுந்து உள்ளே போனாள். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, மருமகளின் எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகள் சமைத்ததில் உப்புக் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை இவள். இப்போது அவளுடைய வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்டி இழுத்தா தோலு உரியும்டி. கைய எடு."

எண்ணெய் தடவி, சுற்றிச் சுற்றி, மெதுவாகக் கழற்றினாள். முந்தானையில் துடைத்தாள்.

மகிழினி எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நகங்களால் ஓரம் பிடித்துத் துண்டை எடுத்தாள். அவன் அருகில் நின்று 'மூச்சு வுடாத' என்று சொல்வதுபோல் பிடரி சிலிர்த்தது. சந்தனத்தில் ஒரு சதுரப் பள்ளம் மிஞ்சியது. சொக்கம்மாள் அதன்மேல் மெட்டியை வைத்து அழுத்தினாள்.

ஐரீன் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நடுவில் சந்தனத்தோடு ஒரு கட்டைவிரல் ரேகை.

"அம்மா வெரலு பட்ட எடம் போச்சுக்கா. ஓரத்துல கொஞ்சம் தப்பிச்சிருக்கு."

"போதுமா?"

"மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்கணும்."

துண்டை டப்பாவில் வைத்து மூடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தளும்பும் தண்ணீரைத் தூக்கிப் போகிறவள்போல், மேளத்துக்கு ஒதுங்கி ஐரீன் தெருவில் நடந்தாள்.

வண்டி போனது. பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். கூடத்தைக் கழுவக் கெங்கம்மா குடத்தைத் தூக்கினாள். சொக்கம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். மகிழினி துடைப்பத்தை எடுத்தாள்.

கடப்பாக்கல் தரை முழுக்க வாய்க்கரிசி இறைந்து கிடந்தது. சொக்கம்மாள் தண்ணீரை ஊற்றினாள். அரிசி உருண்டு, சுழன்று, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இறங்கியது. ஒவ்வொன்றாய், ஒன்றன்பின் ஒன்றாய், சுவரிலிருந்து வாசல் வரை வெள்ளையாய் ஒரு கோடு நின்றது.

மகிழினி துடைப்பத்தைத் தூக்கியபடியே நின்றாள்.

"இன்னாடி?" என்றாள் சொக்கம்மாள்.

"மூச்சு வுடாதீங்க அத்தே."

சொக்கம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.