பெட்டியில் வந்த குளிசை

"அக்கா, நீங்கள் குளிசையை நிப்பாட்டிப்போட்டியள். திரும்ப அனுமதி தரேலாது."

காப்புறுதிக் கம்பனிப் பிறேம் போனில் இப்படிச் சொன்னதும் உதயகலா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். மேசையில் கிடந்த கடைசி மாத்திரை அட்டையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் காணும். அண்ணன் சுபாஸ்கரன் தந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமல் காவல் நிற்பவை அந்தக் குளிசைகள். தவறினால் சிறுநீரகமே போய்விடும். கம்பனி காசு கட்டாவிட்டால், அவள் சம்பளத்தில் வாங்கக் கட்டாது.

"ஆர் சொன்னது? காலமையும் பின்னேரமும் போடுறன்!"

"மூண்டு மாசமா பாமசியிலை ஒரு அட்டையும் எடுக்கேல்லையே. மருந்து என்ன, வானத்திலை இருந்தோ விழுந்தது?"

கிட்டத்தட்ட அப்படித்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அண்ணன், லண்டனிலிருந்து அதே குளிசையைப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் போட்டாள். வீட்டில் இருக்கும்போது கம்பனிக்கு ஏன் வீண் செலவு என்று, நல்ல பிள்ளையாக மருந்தகப் பக்கமே போகவில்லை.

கடையில் வாங்கினேன், பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். உள்ளதைச் சொன்னாள்.

பிறேம் சிரித்துவிட்டான். "எங்கடை சனத்துக்கு உதொரு வருத்தம் அக்கா. என்ரை மாமியின்ரை பிறஷர் குளிசையும் கனடாவிலை இருந்துதான் வருது. சரி, கிளினிக்கிலை மாசாமாசம் சோதனைக்கு இரத்தம் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"அந்த ரிப்போட்டிலை மருந்தின்ரை அளவு இருக்கும், அனுப்புங்கோ. உங்கடை கதையை மேலிடம் நம்பாது. இரத்தத்தை நம்பும்."

வியாழன் பின்னேரம் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. இனி மாதந்தோறும் இங்குள்ள மருந்தகத்தில்தான் எடுக்க வேண்டும். விட்டால், மருந்தையே விட்டதாகத்தான் கணக்கு.

அதைவிடக் கடினமான வேலை மிச்சமிருந்தது. அண்ணனை அழைத்தாள்.

"பிள்ளை, அடுத்த பெட்டி கட்டிப்போட்டன். பக்கத்து வீட்டுச் சிசிலியா ஊருக்கு வாறா, அவவிட்டை…"

"வேண்டாம் அண்ணை."

நடந்ததைச் சொன்னாள். கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் தங்கச்சி பிழைப்பாள் என்று நம்புகிற மனிதர். அவரிடம் போய்ப் போதும் என்பதா?

"அப்ப எனக்கு இனி வேலையில்லையோ?"

உதயகலா வலது அடிவயிற்றுத் தழும்பின்மேல் கையை வைத்தாள்.

"உங்கடை ஆள் இஞ்சை ராப்பகலா வேலை செய்யுது. அது காணாதோ?"

அண்ணன் கட்டிய பெட்டியைப் பிரிக்கிற சத்தம் போனில் கேட்டது.

"அதுக்கு லீவு குடுத்துப்போடாதை, பிள்ளை."

மருந்தகம் பூட்டுமுன் போக வேண்டும். சைக்கிளை எடுத்தாள்.