கதவின் உட்பக்கம்

கிடங்குக்காரர் கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாலே அவர் மனைவி பதறிப்போவாள். அவர் சரிசெய்த குழாய் இன்றைக்கும் தலைகீழாகத்தான் திறக்கும். அவர் அடித்த பலகையில் எதை வைத்தாலும் அது மெல்ல நகர்ந்து மூலைக்குப் போய்விடும். ஆள் வைத்துச் செய்யலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஆனால் அன்று காலை அவரைத் தடுக்க மனைவிக்கே மனம் வரவில்லை. அவருடைய தங்கை, கணவன் வீட்டை விட்டு ஒரேயடியாகப் புறப்பட்டு வருகிறாள். "ரெண்டு நாள் இருக்கேன், அப்புறம் ஏதாவது ஹாஸ்டல் பார்த்துக்கறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். அவளை எங்கேயும் விடக் கூடாது, இங்கேயே இருக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணனுக்கு ஒரே நினைப்பு. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர். ஆகவே தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த பின்னறையை ஒழித்து, வெள்ளையடித்து, துணி மாட்டக் கொக்கிகள் அடித்தார். கொக்கிகள் வழக்கம்போல் கோணல். கதவில் போட்ட புதுத் தாழ்ப்பாள் மட்டும் அச்சடித்த மாதிரி உட்கார்ந்தது. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தங்கை வந்து சேர்ந்ததும் முதல் காரியமாக அதைத்தான் காட்டினார்.

"இங்க பாரும்மா, எல்லாம் நம்ம கைவேலை!"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார். டக்கென்று விழுந்தது. தங்கையின் முகம் வெளிறிப்போனது. "நல்லா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே வைத்து, கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலமெல்லாம் கிடங்குக் கதவுகளை வெளியே நின்று பூட்டியே பழகிய கை. கதவுக்கு உள்ளே ஓர் ஆள் இருப்பாள் என்று அந்தக் கைக்குத் தோன்றவேயில்லை.

"அட, புத்தி கெட்டுப்போச்சு. மாத்திட்டா போச்சு. இதுக்கா அவ முகம் அப்படி ஆச்சு?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "அந்த மனுஷன் வேலைக்குப் போறப்ப இவளை உள்ள விட்டு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் போவானாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நேரே போய்த் தாழ்ப்பாளைக் கழற்றினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கதவின் உட்பக்கம் முடுக்கினார். வெளியே தெரிந்த ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்து, தடமே தெரியாதபடி தேய்த்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார்.

"நீயே ஒரு தடவை போட்டுப் பாரும்மா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை.

கிடங்குக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றி அந்த அறை ஜன்னலில் வைத்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"தட்டிக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம். அவளுக்கா எப்பத் திறக்கத் தோணுதோ அப்பத் திறக்கட்டும்."

மதியம் முழுக்கப் பேப்பரில் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோதும், தங்கையும் வரட்டும் என்று எழுந்திருக்கவில்லை.

வெயில் இறங்கியபோது தாழ்ப்பாள் விலகியது. தங்கையின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"கேட்டிருக்கலாமேண்ணா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் அவரைத் தாண்டிப் போய், செருப்புகளுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். வாசற்படியில் நின்றாள்.

"ஒரு கொக்கி ஆடுதுண்ணா. அவசரமில்ல, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

எந்த வேலையையும் அடுத்த நிமிஷத்துக்குக்கூடத் தள்ளிப்போடாத மனிதர், ஸ்க்ரூ டிரைவரைக் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சரிம்மா, அடுத்த மாசமே பண்ணிடலாம்."